ஐந்நூற்று எழுபதில் நின்ற முள்

"அனுபவம் இருக்கா?"

"பழகறதுக்குத்தானே சார் வந்திருக்கேன்."

"அது சரி. எங்கயாவது பழகிட்டு வாம்மா. அப்புறம் இங்க பழகலாம்."

இப்படிச் சொன்னவர் பத்தாவது முதலாளி. சொன்னதில் ஏதோ கோணல் இருக்கிறது என்பதே அவருக்குத் தட்டுப்படவில்லை. பெரியவள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மடித்து மடித்து அந்தக் காகிதம் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

வீட்டில் அவளைப் பெரியவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அடுத்தவன் சின்னவன். நாலு வருஷமாக அவள் குழாய் சாமான் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். எந்த வளைவு எந்தக் குழாய்க்குச் சேரும் என்று வாங்க வருகிற மெக்கானிக்குகளுக்கே அவள்தான் எடுத்துச் சொல்வாள். ஆனால் ஒன்றைக்கூடத் தன் கையால் பொருத்திப் பார்த்ததில்லை. இருபத்தாறு வயதில், இனியும் வாயாலேயே குழாய் பொருத்திக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றி, பயிற்சி நிலையத்தில் ஏசி வேலைக்கு எழுதிப்போட்டாள். இடம் கிடைத்தது. பதினைந்து நாள் அடிப்படைப் பயிற்சியும் முடிந்தது. செம்புக்குழாயை நெருப்பில் காய்ச்சி ஒட்டவைக்கக் கற்றுக்கொண்டாள். வாத்தியார் அவள் ஒட்டியதை அறுத்துப் பார்த்துவிட்டு, "ஒட்டு உள்ளேயும் ஓடியிருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிய விஷயம்.

ஆனால் கிடைத்த இடம் கையில் நிற்க ஒரு நிபந்தனை உண்டு. நிலையம் தரும் பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு கம்பெனி, 'இவளை இரண்டு வருஷம் தொழில் பழக எடுத்துக்கொள்கிறோம்' என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் அது அலுவலக ஜன்னலில் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பெயர் போய்விடும். அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

பத்து கம்பெனியிலும் பத்து விதமான பதில்.

"ஏணி ஏறுவியா?"

"ஏறுவேன் சார்."

"ஏறுவ. எறங்கும்போது எவன் பாக்கறான் எவன் பாக்கலன்னு நான்ல பாத்துக்கிட்டு நிக்கணும்."

இன்னொருவர்: "கல்யாணம் ஆகலையா? ஆனதும் போயிடுவ."

அதற்கடுத்தவர்: "கல்யாணம் ஆகலையா? இன்னுமா?"

ஒரு கம்பெனியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணே, "இந்த வேலையெல்லாம் நமக்கு எதுக்குக்கா" என்று கிசுகிசுத்துவிட்டுப் படிவத்தை நகத்தால் தள்ளிவிட்டாள். அதுதான் அதிகமாக எரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பை உதறியபோது அம்மா தையல் மிஷினில் இருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"பத்து எடம் ஏறி எறங்கினதுக்கு ஒரு மாப்பிள்ளையே கெடச்சிருப்பான்."

"அந்த மாப்பிள்ளைகிட்ட முத்திரை இருக்காம்மா?"

"வாயி. அந்த வாய வெச்சுக்கிட்டுத்தான் எவனும் எடுக்க மாட்டேங்கறான்."

சின்னவன் சுவரோரம் உட்கார்ந்து விரல் இடுக்கிலிருந்த கறுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். போன வருஷம் அவனும் இதே பயிற்சிக்குப் போனவன்தான். கம்பெனியில் மூன்று நாள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை. டயர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டும் காற்றுப் பிடித்துக்கொண்டும் இருக்கிறான். இப்போது வாயைத் திறந்தான்.

"அக்கா, நான் போன கம்பெனிக்குப் போய்ப் பாரேன்."

"உன்னையே வேணாம்னாங்களேடா."

"அவங்க மேல தப்பில்ல. என் ஜாயிண்ட்ல லீக். எனக்குக் கை வரல. ஆனா அந்த சூப்பர்வைசர் தங்கமான மனுஷன். ஒரு வார்த்தை திட்டல. தோள்ல கை வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, வேற ஏதாவது பாருப்பான்னாரு. பொம்பள பொண்ணுன்னு தட்டிக் கழிக்க மாட்டாரு."

தங்கமான மனுஷனைத் தேடி பெரியவள் திங்கட்கிழமை போனாள்.

சூப்பர்வைசருக்கு ஐம்பது வயது இருக்கும். அழுக்கே படாத வெள்ளைச் சட்டை. மெதுவான குரல். படிவத்தைப் பார்க்கும் முன்பே, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். பத்துக் கம்பெனியில் யாரும் கேட்காத கேள்வி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க கம்பெனில ஒரே சட்டந்தான். நாளைலேருந்து மூணு நாள் வேலை செஞ்சு காட்டு. வியாழக்கிழமை குழாய்க்குள்ள காத்து ஏத்திப் பாப்போம். மறுநாள் காலைல அழுத்தம் காட்டற முள்ளு அப்படியே நின்னா, முதலாளி கையெழுத்து உனக்கு. எறங்கியிருந்தா, நான் சொல்லவே வேணாம், நீயே போயிடுவ. முள்ளுக்கு ஆம்பள, பொம்பள தெரியாதும்மா."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவருக்கு மூன்று நாள் இல்லை, முப்பது நாள்கூட உழைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வேலை நடந்த கட்டிடம் ஐந்து மாடி. மொட்டைமாடியில் ஏசி இயந்திரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு செம்புக்குழாய்கள் கீழே இறங்க வேண்டும். நிழல் என்று ஒன்று கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் நிழல்கூட மத்தியானத்தில் தொட்டிக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். பெரியவள் அளந்து, வெட்டி, பிசிறு சீவி, பொருத்தி, காய்ச்சி ஒட்டினாள். மூன்று நாளில் நாற்பத்திரண்டு இணைப்பு. இரண்டு ஆள் செய்கிற வேலை. சூப்பர்வைசர் அவ்வப்போது ஏறி வந்து, "பைய, பைய. அவசரம் ஒண்ணும் இல்ல" என்பார். ஆனால் அடுத்த குழாய்க்கட்டு அதற்குள் அவள் காலடிக்கு வந்திருக்கும்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு நைட்ரஜன் சிலிண்டரை மாட்டிக் குழாய்க்குள் வாயுவை ஏற்றினார். அழுத்தம் காட்டும் கேஜில் முள் ஏறி அறுநூறில் நின்றது. வால்வை மூடினார். வெயில் குழாயைத் தொடவிடவில்லை. பெரியவள் முந்தானை நுனியை வைத்துத்தான் கேஜைத் திருப்பினாள்.

"அறுநூறு. பாத்துக்கிட்டியா?"

"பாத்துட்டேன் சார்."

"காலைல ஏழு மணிக்கு நீயே வந்து நீயே படி. நான் கிட்டகூட வர மாட்டேன்."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு முன்பே அவள் மாடியில் இருந்தாள். குழாய் மேல் பனி கோத்திருந்தது. கேஜ் கண்ணாடியை விரலால் துடைத்தாள்.

ஐந்நூற்று எழுபது.

மறுபடி துடைத்தாள். கண்ணாடி என்ன செய்யும், பாவம்.

சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். உச்சுக் கொட்டினார். அவ்வளவுதான்.

"சார், சோப்புத் தண்ணி வெச்சுப் பாக்கட்டுமா?"

"பாரும்மா. மனசு ஆறட்டும்."

நாற்பத்திரண்டு இணைப்பிலும் நுரையைப் பூசினாள். லீக் இருந்தால் குமிழி வரும். முழங்கால் தேய ஒரு மணி நேரம் தவழ்ந்தாள். ஒரு குமிழி இல்லை.

"ஒண்ணும் வரல சார்."

"அதான் மோசமான லீக். கண்ணுக்குத் தெரியாது. முள்ளு பொய் சொல்லுமா, சொல்லு."

"சொல்லாது சார்."

"இந்தா, டீயைக் குடி. இத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லிக்காத, பேரு கெட்டுடும். நான் ஆள் வெச்சு அவுத்து வேற போட்டுக்கறேன். உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன். உனக்கு நல்ல மூளை இருக்கு, வேற ஏதாவது பாரு."

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றாள் பெரியவள். டீயையும் குடித்தாள்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. டயர் கடைக்குப் போனாள். சின்னவன் ஒரு லாரிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சக்கரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான்.

"லீக்கா?"

தலையை ஆட்டினாள்.

"விடுக்கா. நம்ம குடும்பத்துக்கே இந்தக் கை இல்லபோல." பிறகு பேச்சுக்குக் கேட்டான். "எவ்வளவு காட்டுச்சு?"

"ஐநூத்தி எழுபது."

சின்னவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது.

"எனக்கும் ஐநூத்தி எழுபதுதான்."

"சும்மா சொல்லாத."

"ஒரு வருஷமா அந்த நம்பர் என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு, சும்மா சொல்லுவேனா? அறுநூறு வெச்சோம். காலைல ஐநூத்தி எழுபது."

"உன் ஓட்டையும் என் ஓட்டையும் ஒரே அளவாடா இருக்கும்?"

அதற்குள் ஒரு கார்க்காரர் வந்து ஜன்னலை இறக்கினார். "ஏம்ப்பா, நேத்து மத்தியானம் நீதானே காத்துப் பிடிச்ச? காலைல பாத்தா கம்மியா காட்டுது. வால்வுல போகுதா பாரு."

சின்னவன் தினமும் பத்துப் பேருக்குச் சொல்வதை, பழகிய வாயால் சொன்னான். "போகல சார். காலைக் குளிருக்கு உள்ள இருக்கற காத்து சுருங்கும், கம்மியாத்தான் காட்டும். வெயில் ஏறினா தானா..."

அங்கேயே நின்றுவிட்டான்.

"தானா என்னப்பா?"

"தானா ஏறிடும்" என்றான் சின்னவன். கார்க்காரரிடம் அல்ல. அக்காவிடம்.

கார் போய்விட்டது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"அடிப்படைப் பயிற்சில பாடம் வந்துச்சேடா" என்றாள் பெரியவள். "மூடின பாத்திரத்துல வாயு. சூடு எறங்கினா அழுத்தம் எறங்கும். பரீட்சைல எழுதினேன். அஞ்சுக்கு அஞ்சு."

"எனக்கும் அஞ்சுக்கு அஞ்சு."

சின்னவன் போனை எடுத்தான். நேற்று இரண்டு மணிக்கு முப்பத்தெட்டு டிகிரி. இன்று காலை ஏழுக்கு இருபத்துமூன்று. டயர் வாங்கும் ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டான். அறுநூறில் நிற்கிற முள், ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ இரண்டு இறங்கும். பதினைந்து டிகிரிக்கு முப்பது.

"முப்பது எறங்கியே தீரணும்க்கா. எறங்கலன்னாத்தான் கேஜ் கெட்டுப்போயிருக்கு."

"அவருக்கு இது தெரியாதுங்கற?"

"முப்பது வருஷமா மொட்டைமாடில நிக்கறவனுக்கா? கொதிக்கற நேரத்துல ஏத்தறான். பனி விழற நேரத்துல படிக்க வர்றான்." அவன் குரல் மெல்ல மெல்ல ஏறியது. "என் கை வரலன்னு சொன்னான். நான் அன்னிலேருந்து கேஸ் அடுப்புகூடப் பத்த வைக்கலக்கா. நெருப்பைத் தொட்டா நம்மால ஏதோ ஒழுகுதுன்னே தோணும். ஒரு வருஷம். ஒரு வருஷமா ஊர்ல இருக்கற எல்லாக் கார்க்காரனுக்கும் இதைச் சொல்லிக்கிட்டு நிக்கறேன், எனக்கு நான் சொல்லிக்கல."

"நான் மன்னிப்புக் கேட்டேன்டா அவன்கிட்ட. டீ வேற குடிச்சேன்."

"வா போவோம்."

"இப்பப் போனா முள்ளு கீழதான் இருக்கும். வெயில் ஏறட்டும். பன்னெண்டரைக்குப் போவோம்."

"நாலு மணிக்கு ஜன்னல் மூடிடும்."

"தெரியும்."

"அதுக்குள்ள காத்தத் திறந்து விட்டிருந்தா?"

"எதுக்கு விடப்போறான்? நல்ல குழாய்."

அந்த மூன்றரை மணி நேரம் சின்னவன் ஒரு சக்கரத்தை மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டினான். பெரியவள் வெயிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூரியனை இப்படி யாரும் மனசுக்குள் திட்டித் திட்டி மேலே ஏற்றியிருக்க மாட்டார்கள்.

பன்னிரண்டரைக்கு ஐந்து மாடியும் ஏறினார்கள். கடைசிப் படியிலேயே குரல் கேட்டது. கட்டிடக்காரர்கள் தரப்பு இன்ஜினியர் வந்திருந்தார். சோதனையைப் பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

"ஐநூத்தி தொண்ணூத்தெட்டு. நல்லா நின்னிருக்கே. யாரு போட்ட ஜாயிண்ட்?"

"நம்ம ஆளுங்கதான் சார்" என்றது மெதுவான குரல்.

"சுத்தமா இருக்கு. இந்த மாதிரி வேலை இப்பல்லாம் எங்க பாக்க முடியுது?"

"அந்த நம்ம ஆளு நான்தான் சார்" என்றாள் பெரியவள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். சூப்பர்வைசர் முகம் ஒரு கணம்தான் மாறியது. பிறகு பழைய கனிவு வந்து உட்கார்ந்துகொண்டது.

"என்னம்மா, எதையாவது வெச்சுட்டுப் போயிட்டியா?"

"ஆமா சார். என் பேரை."

"சார், இது மூணு நாள் பழக வந்த பொண்ணு. வேலை சரியா வரல. மனசு ஒடிஞ்சுபோய்ப் பேசுது."

"எந்த வேலை சரியா வரல? இதுதானே? இந்த நாப்பத்திரெண்டும் நான் போட்டது. காலைல ஏழு மணிக்கு இதுல லீக்குன்னு என்னை அனுப்பினீங்க. அவுத்து வேற போடணும்னீங்க. அஞ்சு மணி நேரத்துல அவுத்துப் போட்டீங்களா? நேத்து என் நெருப்புல ஏறின கரி இன்னும் அப்படியே இருக்கு, பாருங்க சார்."

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். அவருக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. நியாயம் கேட்க அவர் மாடிக்கு வரவில்லை, தாளில் கையெழுத்துப் போட வந்தவர்.

"உங்க சண்டைல நான் தலையிட முடியாது" என்றார். "எனக்கு ஒண்ணுதான் வேணும். இது லீக்கா, இல்லையா?"

"இல்ல சார்" என்றார் சூப்பர்வைசர்.

"அப்ப காலைல?"

"காலைல குளிருக்கு முள்ளு கொஞ்சம் எறங்கும் சார். அது சகஜம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"சகஜம்" என்றான் சின்னவன். இதுவரை அவன் கேஜைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "இதை எனக்கு ஏன் சொல்லல?"

"நீ யாருப்பா?"

"நான் உங்க போன வருஷத்து லீக்."

சூப்பர்வைசர் அவனை மேலும் கீழும் பார்த்தார். நிஜமாகவே நினைவில்லை. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"தோள்ல கை வெச்சீங்களே. டீ வாங்கிக் குடுத்தீங்களே. எத்தனை பேருக்குத்தான் வாங்கிக் குடுப்பீங்க, மொகம் ஞாபகம் இருக்காதுதான். இதே மாதிரி முப்பத்தாறு ஜாயிண்ட் போட்டேன். அந்தக் கட்டிடத்துல ஏசி ஓடுதா?"

சூப்பர்வைசர் இன்ஜினியரைப் பார்த்தார்.

"ஓடுதான்னு கேட்டேன்."

"ஓடுது தம்பி. கத்தாத."

சின்னவன் கத்தவில்லை. கத்தாமலே கையை இறுக்கி இறுக்கி விரல் வெளுத்துப்போயிருந்தது. பெரியவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவனைத் தடுக்க அல்ல. தானும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

இன்ஜினியர் சான்றிதழைப் புரட்டினார். "இதுல ஜாயிண்ட் போட்டவர்னு ஒரு கையெழுத்து இருக்கு. இத்தனை நாளா நீங்கதான் போட்டுக்கிட்டிருக்கீங்க போல. இந்தப் பொண்ணு போட்டதுன்னு தெரிஞ்ச பிறகு நான் அதை வாங்கிக்க முடியாது. இந்தப் பொண்ணே போடட்டும். சீக்கிரம், மூணு மணிக்கு எனக்கு வேற எடத்துல வேலை."

"போடறேன் சார்" என்றாள் பெரியவள். பையிலிருந்து தன் படிவத்தை எடுத்து, சிலிண்டர் மேல் விரித்து வைத்தாள். "முதல்ல இதுல அவங்க போடட்டும். என் ஜாயிண்ட் நல்லதுன்னா நான் நல்ல ஆளு. நான் ஆகாதுன்னா ஜாயிண்டும் ஆகாது. ரெண்டுல எதுன்னு அவங்களே சொல்லட்டும்."

"அதை முதலாளிதாம்மா போடணும். அவரு இப்ப..."

"கூப்பிடுங்க."

முதலாளி வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூச்சு வாங்க ஏறி வந்தவர், சூப்பர்வைசர் காதோடு சொன்னதைக் கேட்டுக்கொண்டு, இன்ஜினியரிடம் ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு பெரியவளிடம் வந்தார்.

"எதுக்கும்மா இவ்வளவு கோவம்? என்கிட்ட வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல."

"கேட்டுத்தான் சார் மூணு நாள் வேலை செஞ்சேன்."

"இதெல்லாம் எனக்குத் தெரியாது."

"சம்பளத்துக்கு ஆள் எடுக்காமலே ஒவ்வொரு மாடியா வேலை முடியுதே, எப்படின்னு நீங்க கேட்டதே இல்லையா?"

முதலாளி குழாயைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "பொண்ணுக்கு வாய் கொஞ்சம் அதிகம்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முத்திரை கீழே வண்டியில் இருந்தது. சூப்பர்வைசரே ஐந்து மாடி இறங்கிப் போய் எடுத்து வந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பெரியவள் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். பெயருக்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, ஏற்றிய நேரமும் படித்த நேரமும் இரண்டு நேரத்துச் சூடும் எழுதினாள்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடும்மா" என்றார் முதலாளி. "நடந்ததை மனசுல வெச்சுக்காத. வெளியயும் பேசிக்கிட்டிருக்க வேணாம். ஒரே குடும்பம் மாதிரி."

"எட்டுக்கு வந்துடறேன் சார்" என்றாள் அவள். மற்றதற்குப் பதில் சொல்லவில்லை.

பஸ்ஸில் சின்னவன் கேட்டான், "அந்த ஆள்கூடவாக்கா ரெண்டு வருஷம் வேலை பாக்கப்போற?"

"வேற யாரு எடுத்தா என்னை? பத்து பேர் சொன்னதை மறந்துட்டியா?"

"எப்படி அவன் மூஞ்சிய பாப்ப?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அவன் என் மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னு யோசிக்கட்டும்."

சொன்னாளே ஒழிய, கோபம் ஒரு துளி குறைந்தபாடில்லை. காகிதம் மடியில் இருந்தது, கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. நியாயமாகக் கிடைக்க வேண்டியதைப் பிடுங்கி வாங்கினால் அதில் சந்தோஷம் எங்கிருந்து வரும்?

பயிற்சி நிலையத்து ஜன்னலுக்கு வந்தபோது மணி மூன்று நாற்பது. முன்னால் நாலு பேர். வரிசை மெதுவாக நகர்ந்தது. ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பார்த்துப் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மூன்று ஐம்பதுக்குப் பெரியவளுக்கு முன்னால் ஒருவன் மட்டும் மிச்சம். அவன் நீட்டிய படிவத்தில் கையெழுத்துக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"கம்பெனி கையெழுத்து எங்கப்பா?"

"கெடைக்கல மேடம்."

"காரணம் சொல்லு, எழுதணும்."

"போன வாரம் மூணு நாள் பாத்தாங்க. என் ஜாயிண்ட்ல..." அவன் படிவத்தின் ஓரத்தை மடித்தான். "லீக்."

கிளார்க் அம்மாள் எழுதத் தொடங்கினார். *திறன் போத...*

"எழுதாதீங்க" என்றாள் பெரியவள்.

"வரிசைல வாம்மா."

"எந்தக் கம்பெனி?" என்று அவனைக் கேட்டாள். அவன் சொன்னான். "காலைல எவ்வளவு காட்டுச்சு?"

"ஐநூத்தி அறுபத்தெட்டு. காலைல படிச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா" என்றான் சின்னவன் தாழ்ந்த குரலில், "முதல்ல உன்னோடதக் குடு. மணியைப் பாரு."

பெரியவள் தன் படிவத்தை உள்ளே நீட்டினாள். கிளார்க் அம்மாள் கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்தார். கம்பெனி பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தக் கம்பெனி உனக்குப் போட்டுக் குடுத்துச்சா? மூணு வருஷமா இவங்க யாரையுமே எடுத்ததில்லையே."

"எடுத்ததில்ல மேடம். ஆனா நீங்க அனுப்பிக்கிட்டே இருந்திருக்கீங்க."

பெற்றுக்கொண்டதற்கான முத்திரை விழுந்தது. மூன்று ஐம்பத்துமூன்று. இனி அவள் வீட்டுக்குப் போகலாம். போகவில்லை. இரண்டு முழங்கையையும் ஜன்னல் கட்டையில் ஊன்றிக்கொண்டு, காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். வெயில், பனி, அறுநூறு, ஐந்நூற்று எழுபது. முன்னால் நின்றவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"போன வருஷத்துப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்க மேடம். அந்தக் கம்பெனி பேருக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

கிளார்க் அம்மாள் பார்க்க மறுக்கத்தான் போனார். ஆனால் விரல் அதற்குள் பக்கத்தைத் தேடிப் போயிருந்தது. ஒரு வரியில் நின்றது. பக்கம் புரண்டது. இன்னொரு வரியில் நின்றது. மறுபடி புரண்டது.

"லீக்... திறன் போதவில்லை" என்று முணுமுணுத்தார். "லீக்... திறன் போதவில்லை. இதுவும். இதுவும்." ஏழு வரை எண்ணினார். ஐந்தாவது வரியில் அவர் படித்த பெயர் சின்னவனுடையது.

"அது நான்தான்" என்றான் சின்னவன். "அதை அடிச்சுடுங்க."

"அடிக்க எனக்கு அதிகாரம் இல்லப்பா."

"எழுதறதுக்கு மட்டும் இருந்துச்சா?"

கிளார்க் அம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேரேட்டை மூடாமல், விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்தபடி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"பிரின்சிபால் இன்னும் கெளம்பல. நான் காட்டிட்டு வர்றேன்."

"நாங்களும் வர்றோம்" என்றாள் பெரியவள்.

"எல்லாருமா?"

வெறும் கட்டத்தோடு நின்றவன் அதற்குள் உள்கதவைத் திறந்துவிட்டிருந்தான். சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி. ஜன்னலை இறக்க வந்த பியூன், அவர்கள் மூன்று பேரும் கிளார்க் அம்மாளும் வரிசையாகத் தன்னைக் கடந்து போவதைப் பார்த்துவிட்டு, இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.